மான்சல் டேல்ல குடும்பத்தோட ஜியோகேச்சிங்: எங்க ஆரம்பிக்கறது, எதை விடறது?

#1 டார்பி_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்துல டார்பிஷயர்ல மான்சல் டேல்ங்கற பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு நாள் குடும்பமா நடக்கலாம்னு இருக்கோம். பொண்ணுக்கு 10, பையனுக்கு 7. ரெண்டு பேரும் வீட்டுப் பக்கத்துப் பார்க்ல ஜியோகேச்சிங் பழகிட்டாங்க, அதான் யாரோ ஒளிச்சு வெச்ச பெட்டியை போன் ஆப் காட்டற இடத்துல போய்த் தேடற விளையாட்டு. இப்போ ஒரு விளக்குக் கம்பத்தைக் கூடத் தடவிப் பார்க்காம தாண்டறதில்லை. சும்மா நடக்கலாம் வாங்கன்னா கால் வலிக்குதும்பாங்க, பெட்டி இருக்குன்னா முன்னாடி ஓடுவாங்க.

மாமியாரும் கூட வர்றாங்க, தஞ்சாவூர்ல இருந்து வந்திருக்காங்க. அத்தைக்கு முட்டி வலி. சமதளம்னா என்னை விட வேகமா நடப்பாங்க, இறக்கம்தான் ஆகாது.

ஆப்பைத் திறந்தா அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சைப் பொட்டா இருக்கு. எதை எடுக்கறது, எதை விடறது? காரை எங்க நிறுத்தறது? அந்த இடத்துக்குப் பெரிய வரலாறு இருக்குன்னு வீட்டுக்காரர் சொல்றார். என்ன வரலாறுன்னு கேட்டா விக்கிபீடியாவைப் பாருங்கறார். போய்ட்டு வந்தவங்க சொல்லுங்களேன்.

#2 ஒற்றையடிப்பாதை

நிறையப் பேர் மான்சல் ஹெட்ல காரை விட்டுட்டு பள்ளத்துல இறங்குவாங்க. போட்டோ எல்லாம் அங்கேருந்து எடுத்ததுதான். ஆனா அந்த இறக்கம் செங்குத்து, உங்க அத்தைக்கு வேண்டாம். மில்லர்ஸ் டேல் பழைய ஸ்டேஷன்ல நிறுத்துங்க. காசு கட்டற பார்க்கிங், கழிப்பறை இருக்கு, டீ கிடைக்கும்.

அங்கேருந்து மான்சல் டிரெயில். அது பழைய ரயில் பாதை. ரயில் ஏறணும்னு போட்ட பாதைங்கறதால சரிவு இருக்கறதே தெரியாது. 1968ல ரயில் நின்னுச்சு. 1981ல பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா அதை நடைபாதையா ஆக்குச்சு. ஆனா சுரங்கமெல்லாம் அடைச்சே கிடந்தது, ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மேல ஏறி இறங்கித்தான் போகணும். 2011 மே மாசம்தான் திறந்தாங்க. இப்போ பேக்வெல் பக்கத்துல இருந்து பிளாக்வெல் மில் வரைக்கும் மொத்தம் 8.5 மைல், சுமார் 13.7 கி.மீ. ஒரு படி கூட ஏறாம நடக்கலாம்.

நீங்க முழுசும் போக வேண்டாம். மில்லர்ஸ் டேல்ல இருந்து கிழக்கே நடங்க. சுண்ணாம்புச் சூளை வரும், அப்புறம் லிட்டன் சுரங்கம். அதைத் தாண்டினா ரெண்டு சுரங்கத்துக்கு நடுவுல கொஞ்ச தூரம் வெளிச்சம், கீழே ஆறு, ஆத்தோரம் கிரெஸ்புரூக் மில். மொத்தப் பாதையிலயும் எனக்குப் பிடிச்ச இடம் அதுதான். அங்க உக்காந்து சாப்பிட்டுட்டுத் திரும்பினா போக வர 6, 7 கி.மீ. அதுக்கப்புறம் கார்லயே மான்சல் ஹெட் போய் மேலேருந்து ஹெட்ஸ்டோன் ரயில் பாலத்தைப் பாருங்க. பாலத்து மேல நின்னா பாலம் தெரியாது.

பெட்டி விஷயம். ஃபில்டர்ல சைஸ் "ஸ்மால்"க்குக் கீழே எதுவும் வேண்டாம். மைக்ரோன்னா பழைய பிலிம் டப்பா அளவு, உள்ள கையெழுத்துப் போடற சீட்டு மட்டும்தான். ஏழு வயசுப் பையன் முள்ளுக்குள்ள கையை விட்டுத் தேடி எடுத்து, உள்ள பொம்மை இல்லைன்னா அழுதுடுவான். தேடற கஷ்ட அளவு 2, நடக்கற தரையோட கஷ்ட அளவு 2, அதுக்கு மேல போகாதீங்க. முக்கியமா, கடைசியா யாரு எப்போ எடுத்தாங்கன்னு பாருங்க. வரிசையா "கிடைக்கலை"ன்னு எழுதியிருந்தா பெட்டி போயிருக்கும், அதுல நேரத்தை விடாதீங்க. ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு பெட்டி போதும். ரெண்டு பெட்டிக்கு நடுவுல குறைஞ்சது 161 மீட்டர் இருக்கணும்ங்கறது விதி. அதனால வரிசையா வெச்சிருக்கற இடத்துல எல்லாத்தையும் எடுத்தே தீரணும்னு கிளம்பினா நின்னு நின்னுதான் போவீங்க, பள்ளத்தாக்கையே பார்க்க மாட்டீங்க.

#3 சுண்டக்காய்

பெட்டியில எடுத்ததுக்குப் பதிலா ஏதாவது வைக்கணுமாமே. நம்ம ஊர் கடலை மிட்டாய் வெச்சா ஆங்கிலேயர்கள் வாழ்நாள் முழுக்க நன்றியோட இருப்பாங்களே 😄

#4 ஒற்றையடிப்பாதை

அணில் நன்றியோட இருக்கும். தின்பண்டம் எதுவுமே கூடாது சுண்டக்காய், மிட்டாய் சுத்தின காகிதம் கூட. வாசனைக்கு எலி வந்து டப்பாவைக் கடிச்சு வெச்சிரும், அப்புறம் மழைத் தண்ணி உள்ள போய் சீட்டெல்லாம் கூழாயிரும். சோழி, கண்ணாடி மணி, கோலி, பழைய நாணயம் இதெல்லாம் அருமையா போகும். எடுத்த பொருளுக்குச் சமமா, இல்லைன்னா கொஞ்சம் ஒசத்தியா வைக்கணும். எண் அடிச்ச சின்ன உலோகத் தகடு கிடைச்சா அது டிராவல் பக், அது நமக்கு இல்லை. எடுத்தா வேற ஒரு பெட்டியில கொண்டு போய் விடணும்.

#5 கொக்குவிலான்

தங்கச்சி, ஒற்றையடிப்பாதை சொன்னது சரியான பாதை. நான் ரெண்டு மூண்டு விசயம் சொல்லுறன்.

மில்லர்ஸ் டேலுக்கு மேற்குப் பக்கம் சீ டேல் எண்டு ஒண்டு இருக்குது. சரியான வடிவான இடம். ஆனா டிரெயிலை விட்டு கீழ ஆத்தங்கரையால போற பாதை பாறையும் சேறும். ஒரு இடத்தில ஆத்துக்குள்ளயே கல்லு வைச்சிருக்கினம், அதில மிதிச்சுத்தான் போகவேணும். மழை பெய்தா அந்தக் கல்லுகள் தண்ணிக்குள்ள போயிடும். சுண்ணாம்புக்கல்லு ஆக்கள் நடந்து நடந்து பளிங்கு மாதிரி ஆயிட்டுது, காஞ்சு இருந்தாலும் வழுக்கும். அந்தப் பக்கம் பெட்டி இருக்குதெண்டு பிள்ளையள் இழுத்தாலும் அத்தையோட போகாதேங்கோ.

பள்ளத்தாக்குக்குள்ள போன் சிக்னல் கிடைக்குமெண்டு நம்பேலாது. வீட்டிலயே வரைபடத்தையும் பெட்டி விவரத்தையும் இறக்கி வைச்சிடுங்கோ. புல்லுக்குள்ள கையை விட்டுத் தேடுற விளையாட்டு எண்டபடியால் உண்ணி இருக்குதோ எண்டு பின்னேரம் பிள்ளையளின்ர கால், முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கோ. கடிச்சிருந்தால் முள்ளிடுக்கியால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுக்கவேணும், நசிக்கக் கூடாது.

#6 பழைய_ரயில்

வரலாறு கேட்டீங்களே, ரயில் பக்கத்தை நான் சொல்றேன்.

அது மிட்லண்ட் ரயில்வே கம்பெனி போட்ட பாதை. 1860களோட தொடக்கத்துல ஹெட்ஸ்டோன் பாலம் கட்டினாங்க. அஞ்சு வளைவு, நடுவுல ஏறக்குறைய 70 அடி உயரம். கட்டினப்போ பெரிய எதிர்ப்பு. கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் கொதிச்சுப் போய் எழுதினார். பக்ஸ்டன்ல இருக்கற ஒவ்வொரு முட்டாளும் அரை மணி நேரத்துல பேக்வெல் போறதுக்கும், பேக்வெல்ல இருக்கற ஒவ்வொரு முட்டாளும் பக்ஸ்டன் போறதுக்கும் ஒரு தெய்வீகப் பள்ளத்தாக்கைப் பாழாக்கிட்டாங்கன்னு திட்டினார். அதே பாலத்தை 1970ல பாதுகாக்கப்பட்ட கட்டடம்னு அறிவிச்சாங்க. இப்போ அதை இடிக்கப் போறோம்னு சொன்னா ரஸ்கினோட ரசிகர்களே மறியல் பண்ணுவாங்க.

பணக்காரர்களோட தொந்தரவும் உண்டு. பேக்வெல்லுக்குத் தெற்கே ஹாடன் ஹால்னு ரட்லண்ட் டியூக்கோட மாளிகை. அவர் கண்ணுல ரயில் படக்கூடாதுங்கறதுக்காகவே அங்க ஒரு சுரங்கம் போட்டுப் பாதையை மறைச்சாங்க.

திரும்ப இந்தப் பாதையில ரயில் விடணும்னு கேக்கறவங்க இன்னும் இருக்காங்க. ரயில் பைத்தியமான எனக்கு அதுல பாதி மனசுதான். ரயில் வந்தா நடைபாதை எங்க போகும்?

#7 டார்பி_அம்மா

ரொம்ப நன்றி எல்லாருக்கும். மில்லர்ஸ் டேல்னு முடிவு பண்ணியாச்சு. இன்னொரு சந்தேகம். போன வாரம் ஒரு பாறைப் பக்கம் தேடினோம், போன் அம்புக்குறி ஒரு நிமிஷம் இடது பக்கம் காட்டுது, அடுத்த நிமிஷம் ஆத்துக்கு அந்தப் பக்கம் காட்டுது. போன் கோளாறா? புதுசு வாங்கலாம்னு வீட்டுக்காரர் ஆவலா இருக்கார்.

#8 ஒற்றையடிப்பாதை

வாங்க விடாதீங்க, போன் மேல தப்பு இல்லை. செயற்கைக்கோள் சிக்னல் நேரா வந்தாத்தான் தூரத்தைச் சரியாக் கணக்குப் போட முடியும். ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறை இருந்தா வானத்துல பாதி மறைஞ்சிரும், மிச்ச சிக்னல் பாறையில பட்டுத் திரும்பி வரும். திரும்பி வர்ற சிக்னல் கூடுதல் தூரம் சுத்தி வருது, போன் அதை நம்பி உங்களை வேற இடத்துல நிறுத்தும். திறந்த மைதானத்துல 5 மீட்டர் பிசகற போன் அந்தக் கணவாயில 15, 20 மீட்டர் பிசகும்.

பெட்டிக்காரர் குடுத்த இட எண்ணுல (டிகிரி, அப்புறம் நிமிஷம்) நிமிஷத்துல தசமத்துக்கு அப்புறம் மூணு இலக்கம் இருக்கும். அந்தக் கடைசி இலக்கம் ஒண்ணு மாறினா வடக்கு தெற்கா 1.85 மீட்டர், கிழக்கு மேற்கா அந்த அட்சரேகையில சுமார் 1.1 மீட்டர் நகரும். பெட்டி வெச்சவரும் அதே பாறைக்குக் கீழ நின்னுதான் அந்த எண்ணை எடுத்திருப்பார், அவர் பிசகும் அதுல சேர்ந்திருக்கும். அதனால பத்து மீட்டருக்குள்ள வந்ததும் போனைப் பையில போட்டுருங்க. பசங்க கிட்ட "நீ இங்க ஒரு டப்பாவை ஒளிச்சா எங்க ஒளிப்பே?"ன்னு கேளுங்க. மரத்தடியில இயற்கைக்கு மாறா அடுக்கின குச்சி, தனியாத் தெரியற ஒரு தட்டைக் கல், வேலிக் கம்பத்துக்குப் பின்பக்கம். பெரியவங்களை விடச் சின்னதுங்க கண்ணு இதுல கெட்டி.

சுரங்கத்துக்குள்ள சிக்னலே வராது. வெளியே வந்ததும் போன் கொஞ்ச நேரம் பழைய இடத்துலயே நிக்கும், ஒரு நிமிஷம் நின்னுட்டுத் தேடுங்க.

இன்னொரு வேண்டுகோள். அங்க வயலுக்கு வயல் சாந்து பூசாம அடுக்கின கல் சுவர் இருக்கும். அதுல ஒரு கல்லைக் கூட உருவாதீங்க. ஒண்ணு போனா மழைக்காலத்துல மொத்தமும் சரியும், விவசாயி நம்மளைச் சபிப்பார்.

சும்மா ஒரு தகவல்: இந்த விளையாட்டே 2000 மே 2ஆம் தேதி அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே சேர்த்திருந்த பிசகை நிறுத்தினதுல பிறந்தது. மறுநாளே ஓரிகன்ல ஒருத்தர் ஒரு வாளியைப் புதைச்சு இட எண்ணை இணையத்துல போட்டார். இப்போ நில உரிமையாளர் அனுமதி இல்லாம குழி தோண்டிப் புதைக்கக் கூடாதுன்னு விதி.

#9 நூலகவாசி

படிச்சுக்கிட்டே வந்தேன். ரயில், பாலம், போன் எல்லாம் பேசியாச்சு. அந்தப் பாதைக்குக் கீழ லிட்டன் மில் இருக்கறதைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கலை.

1782ல எல்லிஸ் நீடம் கூட்டாளியோட ஆரம்பிச்ச பஞ்சாலை. ஆத்துத் தண்ணி வேகம் வேணும்னு ஊர் இல்லாத இடத்துல கட்டினாங்க. ஊர் இல்லைன்னா வேலைக்கு ஆள் ஏது? லண்டன் மாதிரி நகரங்கள்ல அனாதை விடுதியில இருந்த பிள்ளைகளைத் "தொழில் பழக" அனுப்பிட்டாங்க. திருச்சபை வட்டாரத்துக்குச் செலவு மிச்சம், ஆலைக்காரருக்குக் கூலி மிச்சம். ராபர்ட் பிளிங்கோன்னு ஒரு பையன் செயின்ட் பேங்க்ரஸ் விடுதியில இருந்து 1799ல கிளம்பினப்போ ஏழு வயசு இருக்கும். மாட்டுக்கறி வறுவல், பிளம் புட்டிங், முதலாளி குதிரையில சவாரி, வெள்ளிக் கடிகாரம் எல்லாம் கிடைக்கும்னு ஆசை காட்டி வண்டியில ஏத்தினாங்க. முதல்ல நாட்டிங்ஹாம் பக்கத்துல லௌடம் ஆலை, அது மூடினதும் லிட்டன்.

லிட்டன்ல அடி, பட்டினி. பன்றிக்குப் போட்ட மாவு உருண்டையைத் திருடித் தின்ன கதை அவர் நினைவுக்குறிப்புல இருக்கு. செத்த பிள்ளைகளோட எண்ணிக்கை தெரியக் கூடாதுன்னு டைட்ஸ்வெல், டாடிங்டன்னு ரெண்டு ஊர் கல்லறைக்குப் பிரிச்சு அனுப்பினாங்கன்னும் சொல்லுது. முதல்ல 1828ல ஒரு பத்திரிகையில தொடரா வந்தது, 1832ல தனி நூலா வந்தது. மிகைன்னு வாதாடின ஆய்வாளர்களும் உண்டு, ஆனா அந்தக் காலத்துத் தொழிற்சாலைச் சட்டப் போராட்டத்துக்கு அது ஆயுதமா இருந்ததுல சந்தேகமே இல்லை.

இப்போ சொல்லுங்க. ஏழு வயசுப் பிள்ளை பட்டினி கிடந்த இடத்துக்கு ஏழு வயசுப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போய்ப் புதையல் தேட விடறது எப்படி மனசு வருது? கல்லறைத் தோட்டத்துல கண்ணாமூச்சி ஆடற மாதிரி இருக்கு.

#10 கோவை_சைடர்

ஐயா சொல்றது நெஞ்சுல குத்துதுங்க. எங்க தாத்தா சிங்காநல்லூர்ப் பக்கம் மில்லுல சைடர், நூற்கிற மெஷினைப் பார்த்துக்கிற ஆளுங்க. அறுந்த இழையை ஓடுற மெஷின்லயே பீசிங் பண்றது, அதாவது ஒட்டுறது, மெஷினுக்கு அடியில விழுந்த பஞ்சைக் கூட்டுறது, இதெல்லாம் அவரு சொல்லக் கேட்டிருக்கேன். அங்க அந்தப் பசங்க செஞ்சதும் இதே வேலைதானுங்க. அடியில புகுந்து பஞ்சு பொறுக்கச் சின்ன உடம்புதான் தோதுன்னுட்டு சின்னப் பிள்ளைகளையே விடுவாங்களாம், மெஷினை நிறுத்தாமலே. கோயமுத்தூருக்கு முதல் நூற்பாலை 1888லதான் வந்துச்சு. அதுக்கு நூறு வருசம் முன்னாடியே அந்த ஆத்தங்கரையில சங்கு ஊதியாச்சு.

ஆனா ஒண்ணுங்க. கிரெஸ்புரூக் மில் இடத்துல பஞ்சாலை முதலாளி ஆர்க்ரைட் 1779ல போட்ட முதல் ஆலை தீப்பிடிச்சுப் போச்சு, இப்போ நிக்கிற பெரிய கட்டடம் 1814-15ல வந்தது. வில்லியம் நியூட்டன்னு ஒரு தச்சர், கவிஞர் வேற, அவரு மேனேஜரா இருந்தாரு. அங்க பிள்ளைகளைக் கொஞ்சம் நல்லா வெச்சிருந்தாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. எந்த அளவுக்கு நல்லான்னு அந்தப் பிள்ளைகளைக் கேட்டாத்தானுங்க தெரியும். இப்போ ரெண்டு மில்லுமே அடுக்குமாடி வீடு.

#11 சுண்டக்காய்

நூலகவாசி ஐயா, கோவிச்சுக்காதீங்க. போகாம இருந்தா மட்டும் அந்தப் பசங்களுக்கு என்ன ஆகப் போகுது? இந்த இழை இல்லைன்னா எனக்கு பிளிங்கோ பேரே தெரிஞ்சிருக்காது. அந்தம்மா பெட்டி தேடப் போறேன்னு கேட்டதாலதான் நீங்க இவ்வளவும் எழுதினீங்க.

#12 பழைய_ரயில்

நூலகவாசி எழுதினதைப் படிச்சதும் ஒண்ணு தோணுச்சு. இந்த ரயில் பாதை மான்செஸ்டர்ல இருந்து எங்க போச்சு? லண்டன் செயின்ட் பேங்க்ரஸ். அந்த ஸ்டேஷன் 1868ல திறந்தது. பிளிங்கோவை விடுதியில இருந்து வண்டியில ஏத்தின அதே வட்டாரம். அவர் 1860ல இறந்துட்டார், பாலத்தைக் கூடப் பார்க்கலை. எழுபது வருஷத்துக்குள்ள, அதே பேர்ல இருக்கற ஊர்ப் பகுதியில இருந்து ஆட்கள் டிக்கெட் எடுத்து அந்த ஆலைக்கு மேல சன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டுப் போயிருக்காங்க.

#13 நூலகவாசி

@சுண்டக்காய், போகாதீங்கன்னு நான் சொல்லவே இல்லை. எண்ணிக்கைக்காக ஓடறதைத்தான் சொல்றேன். பெட்டி, கையெழுத்து, அடுத்த பெட்டி, கையெழுத்து. நான் பார்த்த பல குடும்பங்கள் அந்தப் பாதையில தலையைத் தூக்கறதே இல்லை. பிளிங்கோ பின்னாடி பஞ்சுக் கழிவு வியாபாரம் பண்ணித் தலையெடுத்தார், ஒரு மகன் கேம்பிரிட்ஜ்ல படிச்சுப் பாதிரியார் ஆனார். இது தெரியாம அந்த ஆலையைத் தாண்டறவன் எத்தனை பெட்டி எடுத்து என்ன?

#14 ஒற்றையடிப்பாதை

இதுல நூலகவாசி பக்கம்தான் நானும், ஆனா முடிவு வேற. ஜியோகேச்சிங்ல எல்லாமே டப்பா இல்லை. எர்த்கேச்னு ஒரு வகை, பெட்டியே கிடையாது. அந்த இடத்துப் பாறையைப் பார்த்து, அளந்து, கேள்விக்குப் பதில் அனுப்பினாத்தான் கணக்குல வரும். அந்தப் பள்ளத்தாக்கோட சுண்ணாம்புக்கல் சுமார் 33 கோடி வருஷத்துக்கு முன்னாடி வெதுவெதுப்பான ஆழமில்லாத கடலுக்கு அடியில உண்டானது. கடல் அல்லிங்கற கடல் உயிரினத்தோட தண்டுத் துண்டு வட்ட வட்டமா, நடுவுல ஓட்டையோட, கல்லுல பதிஞ்சிருக்கும். மல்டின்னு ஒரு வகை, ஒரு இடத்துல இருக்கற விவரத்தைப் படிச்சு எண்ணினாத்தான் அடுத்த இடத்துக்கு எண் கிடைக்கும். படிக்காம நகர முடியாது.

அதுவும் வேண்டாம்னா நீங்களே செய்யுங்க டார்பி_அம்மா. மூணு இலக்கப் பூட்டுப் போட்ட ஒரு டப்பா வாங்கி உங்க முதுகுப் பையிலயே வெச்சுக்கோங்க. எங்கயும் ஒளிக்க வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். மில்லர்ஸ் டேல்ல பக்கத்துப் பக்கத்துல எத்தனை ரயில் பாலம்? ஹெட்ஸ்டோன் பாலத்துக்குப் போறதுக்கு முன்னாடி அங்கேருந்து எத்தனை சுரங்கம்? பாலத்துக்கு எத்தனை வளைவு? மூணையும் எண்ணி முடிச்சாத்தான் பூட்டுத் திறக்கும். கடைசி எண் மான்சல் ஹெட் மேல நின்னாத்தான் தெரியும். லிட்டன் மில்லுக்கு மேல வர்றப்போ பெட்டி எதுவும் தேடாதீங்க, பிளிங்கோ கதையை மட்டும் சொல்லுங்க.

#15 டார்பி_அம்மா

போய்ட்டு வந்தாச்சு!

சூளைகிட்டப் போனதும் அத்தை நின்னுட்டாங்க. ஆள் உசரத்துக்கு மேல பல மடங்கு எழும்பின கற்சுவர், அடியில வளைவு வளைவா வாய். "இது காளவாய்டி"ன்னாங்க. அங்க பலகையில 1880ல கட்டினது, 1944 வரைக்கும் எரிஞ்சதுன்னு படிச்சேன். எதுக்குப் படிக்கறே, நான் சொல்றேன்னு பசங்களை உக்கார வெச்சுட்டாங்க. மேலேருந்து ஒரு அடுக்கு கல், ஒரு அடுக்கு கரி, திரும்பக் கல்லுன்னு போட்டுக்கிட்டே வரணும், கீழே வாய் வழியா வெந்த கல்லை எடுக்கணும், அது மேல தண்ணி பட்டா புஸ்ஸுன்னு கொதிக்கும், கண்ணுல பட்டா கண்ணு போயிடும். அவங்க ஊர்ல கிளிஞ்சல் போட்டு எரிப்பாங்களாம். பொண்ணு வாயைப் பொளந்துட்டுக் கேக்கறா. வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பும் அதான்னு அத்தை முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்த டப்பாவை எடுத்துக் காட்டினதும் பையனுக்குச் சந்தேகம், பாட்டி பாறையைத் தின்னறாங்களான்னு.

முதல் பெட்டி அதுக்கப்புறம் கிடைச்சுது. [இடத்தைக் காட்டிக் கொடுக்கும் வரி நீக்கப்பட்டது – மட்டுறுத்துநர்] போன் சொன்ன இடத்துல இல்லவே இல்லை. பையன்தான் பாசி படிஞ்ச வேருக்கடியில பச்சை டேப் சுத்தின ஒரு மூலையைப் பார்த்தான். டப்பர்வேர் மாதிரி டப்பா, மூடி கொஞ்சம் இறுகியிருந்தது. உள்ள சின்ன நோட்டு ஜிப் பையில, கட்டைப் பென்சில், ஒரு ரப்பர் டைனோசர், ஒரு மயில் ஸ்டிக்கர். டைனோசரை எடுத்துட்டுச் சோழி ஒண்ணு வெச்சான். நோட்டுல தமிழ்லதான் கையெழுத்துப் போடுவேன்னு அடம். "ழ" வரலை, பாட்டி கையைப் பிடிச்சுப் போட வெச்சாங்க. அந்த நேரம் பார்த்து சைக்கிள்காரங்க கூட்டமா வந்தாங்க. பொண்ணு சட்டுனு குனிஞ்சு ஷூ லேஸ் கட்டற மாதிரி நடிச்சா. நல்லா தேர்ந்துட்டா.

இன்னொரு பெட்டி கிடைக்கலை, அந்த இடத்துல பட்டா எரியற நெட்டில் செடி. பக்கத்துல டாக் இலை தேடித் தேய்ச்சுவிட்டேன். எரிச்சல் நின்னது இலையாலயா பாட்டி ஊதினதாலயான்னு தெரியாது.

லிட்டன் சுரங்கம் உள்ள ஆகஸ்ட்லயும் ஜில்லுனு இருக்கு, மேல இருந்து தண்ணி சொட்டுது. ஸ்வெட்டர் கொண்டு போங்க. விளக்கு இருக்கு, ஆனா கொஞ்ச தூரத்துக்குக் கொஞ்ச தூரம் மங்கல். அத்தைக்குக் கீழ தார் போட்ட மாதிரி சமமா இருந்ததால கஷ்டமே இல்லை.

லிட்டன் மில்லுக்கு மேல கதையைச் சொன்னேன். அடி, பட்டினி எல்லாம் பையனுக்கு ஏத்த மாதிரி குறைச்சுத்தான் சொன்னேன். அவன் முழுசும் கேட்டுட்டு, "அந்த வெள்ளிக் கடிகாரத்தைக் கடைசியில குடுத்தாங்களா?"ன்னான். இல்லைன்னேன். நம்பலை, அப்பாகிட்டப் போய்த் திரும்பக் கேட்டான். நூலகவாசி ஐயாவுக்குத்தான் இதை எழுதறேன்.

பூட்டு யோசனைதான் நாளைக் காப்பாத்துச்சு. மான்சல் ஹெட்ல ஐஸ்க்ரீம் உருக உருக ரெண்டும் வளைவை எண்ணிச் சண்டை. டப்பாக்குள்ள வெச்சது முறுக்கு.

#16 மட்டுறுத்துநர்

பெட்டி இருக்கும் இடத்தை யாரும் இங்கே எழுத வேண்டாம், படமும் போட வேண்டாம். மற்றபடி நல்ல பதிவு. இழையை மேலே ஒட்டி வைக்கிறேன்.

#17 சுண்டக்காய்

நாமளே அங்க ஒரு பெட்டி வைக்கலாமே? பிளிங்கோ பேர்லயே, தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் குறிப்போட.

#18 ஒற்றையடிப்பாதை

எண்ணம் நல்லது, ஆனா அவ்வளவு லேசில்லை. நில உரிமையாளர் அனுமதி வேணும். அந்தப் பள்ளத்தாக்குல பெரும்பகுதி அரிய தாவரம், பாறைக்காகச் சட்டப்படி காக்கப்படற நிலம். சீ டேல் பக்கம் டார்பிஷயர் வனவிலங்கு அறக்கட்டளையோட காப்பிடங்கள் இருக்கு. யாரோட நிலம்னு முதல்ல கண்டுபிடிச்சு, எழுத்துல அனுமதி வாங்கி, அப்புறம்தான் பெட்டி. அப்படியே வெச்சாலும் மழையில நனைஞ்ச நோட்டை மாத்த யார் போறது? நீங்க லண்டன்ல இருந்தா வருவீங்க? கிட்டக்க இருக்கறவங்கதான் வைக்கணும்.

#19 நூலகவாசி

டார்பி_அம்மா, படிச்சேன். உங்க பையன் கேட்டது எனக்கு உறைச்சுது. ஆனாலும் அந்த ஆலை வாசல்ல யாரும் பெட்டி வைக்கக் கூடாதுங்கறதுதான் இன்னமும் என் கருத்து. சுண்டக்காய்க்கு ஆள் கிடைச்சாலும் நான் எதிர்ப்பேன்.

அடுத்த தடவை போனா டைட்ஸ்வெல் ஊருக்குப் போங்க, மலைப்பகுதியின் கதீட்ரல்னு சொல்ற பெரிய தேவாலயம். நான் சொன்ன ரெண்டு கல்லறையில ஒண்ணு அங்கதான். வாசல் வரைக்கும் கார் போகும், அத்தைக்கும் சிரமம் இல்லை.

#20 கொக்குவிலான்

தங்கச்சி, அத்தையின்ர காளவாய்க் கதை அருமை. நாங்கள் ஒக்டோபர் லீவுக்குப் போவம் எண்டு இருக்கிறம், பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில வைச்சுக்கொண்டு. சுரங்கத்துக்குள்ள லைட் எத்தினை மணி மட்டும் எரியும்?

#21 ஒற்றையடிப்பாதை

பகல் வெளிச்சம் இருக்கற வரைக்கும்தான் அண்ணே, இருட்டினா அணைஞ்சிரும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பினதுக்கு அப்புறம்னா அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டு. காலையிலேயே கிளம்புங்க, மூணு மணிக்குள்ள கடைசிச் சுரங்கத்தைத் தாண்டிருங்க. ஒரு டார்ச் கட்டாயம். தள்ளுவண்டிக்குப் பிரச்சினை இல்லை, இடது ஓரமாப் போங்க, சைக்கிள் வேகமா வரும்.